மூடி முட்டுகிற மெஷின்

மார்ச் 3

என் பூனைக்குட்டி,

நீ போய்ச் சேர்ந்த சேதி கிடைச்சது. வயித்துவலி நின்னுச்சா? இங்க நானும் உங்க மாமாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், அதுக்கு மேல கேக்காதே. போன்ல பேசினா ரெண்டு பேரும் அழுது முடிச்சு வச்சுடறோம், ஒரு விஷயமும் பேசினபாடில்லை. அதான் எழுதறேன். நாலாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ எழுத்து, கோணலாத்தான் இருக்கும். தலையைச் சாய்ச்சுப் படிச்சுக்கோ.

உங்கம்மா போனதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் வீட்டுலயே கிடந்தேன். உங்க மாமாதான், "போய் ரெண்டு தட்டாவது கழுவிட்டு வா, இல்லைன்னா பிடிச்சு என்னைக் கழுவிடுவே போல இருக்கு"ன்னார். தங்கச்சியைப் பறிகொடுத்த மனுஷன், அவரே சொன்னப்புறம் நான் எப்படி உக்காந்திருக்கறது? போயிட்டேன். பொதுச் சமையல்கூடம் எப்பவும்போலத்தான் இருக்கு. மதியம் வர்றவங்க வர்றாங்க, சாப்பிடறாங்க, உப்பு கம்மின்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கறாங்க.

ஆனையும் அப்படியேதான் இருக்கு. சின்னப் பிள்ளையில அதைப் பாத்து என் காலைக் கட்டிக்கிட்டு அழுவியே, ஞாபகம் இருக்கா? பாத்திரம் கழுவற மெஷினுக்கு ஆனைன்னு பேர் வச்சது உங்கம்மாதான். ஏதோ மூடிப்போன ஓட்டல்ல இருந்து தூக்கிக்கிட்டு வந்தாங்க, வர்றப்பவே அது கிழடு. ரெண்டு ரூமுக்கும் நடுச்சுவத்தை இடிச்சு, அந்த ஓட்டையில செருகினாங்க. எச்சில் தட்டு இந்த ரூம், கழுவின தட்டு அந்த ரூம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உங்கம்மா. நான் கூடையில தட்டை அடுக்கி உள்ள தள்ளுவேன். பெட்டி மாதிரி பெரிய மூடி. நான் பிடியை இழுத்தா ரெண்டு பக்கமும் சேர்ந்து இறங்கும், இறங்கினாத்தான் தண்ணி அடிக்கும். தூக்கினா ஆவி குப்புனு கிளம்பும். அந்த ஆவிக்குள்ள கையை விட்டுத்தான் உங்கம்மா கூடையை இழுப்பா. அவ மூஞ்சிகூடத் தெரியாது. அதனால அடுத்த தடவை இறக்கறதுக்கு முன்னாடி நான் கத்துவேன், "கை எடுத்தாச்சா?"ன்னு. "எடுத்தாச்சு, அண்ணியாரே!"ன்னு அவ கத்துவா. அந்த 'யாரே'ல இருக்கற கிண்டல் இருக்கே! ராங்கி. நாத்தனார்னா இப்படித்தான் இருக்கணும்னு எங்கயோ பயிற்சி எடுத்துட்டு வந்தவ மாதிரி.

இப்ப ரெண்டு பக்கமும் நான்தான். இங்க தள்ளி, இறக்கி, தூக்கிட்டு, வாசலைச் சுத்திக்கிட்டு அந்த ரூமுக்கு ஓடறேன். ஆள் தர்றேன்னாங்க, வேண்டாம்னுட்டேன். அங்க யாரும் இல்லைன்னு தெரிஞ்சும், கேக்காம இறக்க எனக்குக் கை வரமாட்டேங்குது.

நேத்து சமையல்கூடத்துச் செயலாளரம்மா வந்து குடை நுனியால ஆனையைத் தட்டினாங்க. "இதுக்கு ஓய்வு கொடுத்துடலாம்மா. புதுசுல முன்பக்கம் கதவு, ஒரே ஆள் போதும்"னாங்க. "அப்ப இந்த ஓட்டை?"ன்னேன். "அடைச்சுட்டா அந்த ரூம் சாமான் வைக்க ஆகும்"னாங்க. ஆனையை எடுக்கக் கூடாது பூனை, அவ்வளவுதான். படிச்சவ நீ, ஒரு வழி சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோட படுக்காதே.

உன் அத்தை


மார்ச் 22

அன்புள்ள அத்தைக்கு,

வயித்துவலி வந்த மறுநாளே போயிடுச்சு. உங்க முழங்கால் எப்படி இருக்கு? மாமா சலூனை நேரத்துக்குத் திறக்கறாரா? இங்க கண்ணாடிக் கடையில நல்ல கூட்டம். நாள் பூரா அடுத்தவங்க கண்ணைப் பாத்துப் பாத்து, வீட்டுக்கு வந்தா என் கண்ணு எரியுது.

மெஷின்தானே அத்தை. பழசானா மாத்தத்தானே வேணும்? உங்க காலை வச்சுக்கிட்டு ரெண்டு ரூமுக்கும் ஓடறது எனக்குப் பிடிக்கலை. அம்மா வேலை விட்டு வந்தா விரல் நுனியெல்லாம் ஊறிப்போய், வெள்ளை வெளேர்னு இருக்கும். அந்தக் கையாலதான் எனக்குத் தலை பின்னுவாங்க. எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு.

செயலாளரம்மா இப்பவும் அதே வீட்டுலதான் இருக்காங்களா? சும்மாதான் கேட்டேன்.

மாத்திரையை மறக்காம போட்டுக்குங்க. மாமாவை விசாரிச்சதாச் சொல்லுங்க.

உங்கள் பூனை


ஏப்ரல் 6

பூனைக்கு,

என் முழங்கால் என்கூடத்தான் இருக்கு, எங்கயும் போகலை. உன் கண்ணு எரிச்சல் தேவலையா? ராத்திரி விளக்கெண்ணெய் ஒரு சொட்டு புருவத்துல தடவு.

மெஷின்தானேன்னு எழுதிட்டே. சரி, நான் ஒண்ணும் சொல்லலை.

ஒரு அதிசயம் கேளு. முன்னெல்லாம் ஆனையோட மூடி பாதியில முட்டிக்கிட்டு நின்னுடும். பிடியில எவ்வளவு தொங்கினாலும் இறங்காது. "இறங்கித் தொலையேன் மூதேவி"ன்னு ரெண்டு திட்டு திட்டினா, சொன்ன பேச்சு கேட்டு இறங்கும். உங்கம்மா அந்தப் பக்கம் நின்னு சிரிப்பா, "ஆனைக்கும் அண்ணின்னா பயம்"னு. ஆனா அவ போனதுல இருந்து ஒரு தடவைகூட முட்டலை பூனை. வெண்ணெய்யா இறங்குது. துக்கத்துல அதுவும் அடங்கிடுச்சு போல. "முன்னைவிட இப்பத்தான் நல்லா வேலை செய்யுது, இப்பப் போயா எடுப்பீங்க?"ன்னு செயலாளரம்மாகிட்ட கேட்டேன். அவங்க குடையை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

அதோட, இத்தனை வருஷத்துல உங்கம்மா கையில சூடு பட்டிருக்கே தவிர, மூடியில நசுங்கின ஒரு தழும்பு உண்டா? கிடையாது. நான் கேட்டுக் கேட்டு இறக்கினதாலதான். எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான், அதை நான் ஒழுங்காச் செஞ்சேன்.

நான் வேண்டாங்க வேண்டாங்க, அந்தப் பக்கம் ஒரு ஆளை நிறுத்திட்டாங்க. மூணு வேளையும் இங்கயே சாப்பிடற பழைய பஸ் கண்டக்டர். "கை எடுத்தாச்சா?"ன்னு கேட்டா "ரைட், போலாம்!"ங்கறார். பாதி நேரம் அதுவும் கிடையாது, விசில் அடிச்சுக்கிட்டு நிக்கறார். "அய்யா, இது பஸ் இல்லை"ன்னேன். "பஸ்ஸா இருந்தா இந்நேரம் வழியில நின்னிருக்குமேம்மா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் பின்பக்கம் போய் மூஞ்சி கழுவிக்கிட்டு வந்தேன்.

அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கோ. பதில் போடு.

அத்தை


ஏப்ரல் 27

பூனைக்குட்டி,

சுகமா இருக்கியா? நாங்க இருக்கோம்.

கண்டக்டருக்குக் காய்ச்சல், வர்றதில்லை. மறுபடி நான்தான் ரெண்டு பக்கமும். எழுத்து முன்னைவிடக் கோணலா இருக்கும். வயசுதானே.

யாரோ ஒரு புண்ணியவான் புது மெஷினுக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பியிருக்கானாம். பேரை வெளிய சொல்லக் கூடாதாம். பேர் சொல்ல வெக்கப்படறவன் எதுக்குத் தர்மம் பண்றான்? அவன் வீட்டு அடுப்பை யாராவது வந்து பிடுங்கிட்டுப் போனா அப்பத் தெரியும். நல்லா இருக்கட்டும், ஆனா என் கண்ணுல பட வேண்டாம். உங்க மாமாகிட்ட புலம்பினா, "நீ அந்த மெஷினையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினே?"ங்கறார்.

போன கடுதாசிக்கு உன் பதில் வரலை. தப்பா ஏதாவது எழுதிட்டேனா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?

அத்தை


ஜூன் 1

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிச்சுக்குங்க. கடையில ரெண்டு பேர் லீவு, வேலை கழுத்து வரைக்கும் இருந்துச்சு. நீங்க எழுதினது எல்லாத்தையும் படிச்சேன். நீங்க தப்பா ஒண்ணும் எழுதலை.

உங்க முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கேன், காலையில தடவுங்க. கண்டக்டருக்கு விரல் தேவலையா? வயசானவங்களுக்கு எலும்பு சேர நாளாகும், கட்டைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க.

வேற என்ன எழுதறதுன்னு தெரியலை. மாமாவையும் உங்களையும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்.

பூனை


ஜூன் 10

பூனை,

நல்லா இருக்கியான்னு கடைசியில கேக்கறேன், முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. நான் விரல்னு எழுதவே இல்லையே. காய்ச்சல்னுதானே எழுதினேன். உனக்கு யார் சொன்னா?

சரி, தெரிஞ்சுபோச்சு, எழுதிடறேன். உன்கிட்ட மறைக்கணும்னு இல்லை. எழுத உக்காந்தா கை அந்த இடத்துக்கு வந்ததும் நின்னுடுச்சு.

அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. தட்டு மலையாக் குமிஞ்சு கிடந்தது. நான் கூடையைத் தள்ளிட்டு, "கை எடுத்தாச்சா?"ன்னு கேட்டேன். பதில் வந்தது பூனை. சத்தியமாச் சொல்றேன், சுத்தமா என் காதுல விழுந்தது. "எடுத்தாச்சு, அண்ணியாரே!" இறக்கிட்டேன்.

வலியில கத்தினது கண்டக்டர். ரெண்டு விரல். நான் அந்த ரூமுக்கு ஓடினா, அந்த மனுஷன் கையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு என்னைத் தேத்தறார், "விசிலடிக்க வாய் இருந்தாப் போதும்மா, விடுங்க"ன்னு. அவர் யாரையும் குத்தம் சொல்லலை. 'மூடி பழசு, தானா விழுந்துடுச்சு'ன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. பாவம் ஆனை, பழியை அதுதான் வாங்கிக்கிச்சு. அடுத்த வாரமே புது மெஷின் உறுதியாயிடுச்சு.

உன் தைலம் வந்தது, வாசனை நல்லா இருக்கு. நீ நல்லா இருக்கியா? யார் சொன்னான்னு எழுது.

அத்தை


ஜூன் 30

அன்புள்ள அத்தைக்கு,

உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கே எனக்குத் தயக்கமா இருக்கு. நான் சொல்லப்போறதைக் கேட்டா நீங்க பதில் போடுவீங்களான்னு தெரியலை.

செயலாளரம்மாதான் சொன்னாங்க. நான்தான் அவங்களுக்கு எழுதிக் கேட்டேன், புது மெஷின் என்ன விலைன்னு. கண்டக்டர் விரலைப் பத்தி அவங்க எழுதின அன்னைக்கே பணத்தை அனுப்பிட்டேன். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டதும் நான்தான். கண்ணுல பட வேண்டாம்னு நீங்க எழுதின அந்தப் புண்ணியவான் நான்தான் அத்தை.

எனக்கு அந்த மெஷினைப் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்லை. உங்களுக்கு அதுல அம்மா குரல் கேக்குது. எனக்கு அது என் குரலை அம்மாகிட்ட சேர விடாத சத்தம். கடைசியா நான் கூப்பிட்டது ஒரு மதிய நேரம். ரொம்ப நாளாச் சொல்லாம வச்சிருந்த ஒண்ணைச் சொல்லணும்னு கூப்பிட்டேன். அம்மா போனை எடுத்து, "மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கலைடி, அப்புறம் பேசறேன்"னு வச்சுட்டாங்க. அந்த அப்புறம் வரவே இல்லை. மறுநாள் விடியக்காலையில மாமா கூப்பிட்டார்.

அதை உடைக்கணும்னு இருந்துச்சு. உங்க கையும் ஒருநாள் அதுல போயிடும்னு பயமாவும் இருந்துச்சு. எது பெருசுன்னு எனக்கே தெரியலை.

திட்டறதா இருந்தாலும் எழுதித் திட்டுங்க.

பூனை


ஆகஸ்ட் 2

அத்தை,

ஒரு மாசமாச்சு, உங்ககிட்ட இருந்து ஒரு வரிகூட இல்லை. மாமாவைக் கூப்பிட்டேன். "உன் அத்தை நல்லாத்தான் இருக்கா, எனக்கு விழற திட்டைப் பாத்தாலே தெரியுது"ன்னார். உங்ககிட்ட கொடுக்கச் சொன்னேன். நீங்க தண்ணி பிடிக்கப் போயிட்டதாச் சொன்னார். பக்கத்துல உங்க வளையல் சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

பணம் கொடுத்தவ நான்ங்கறதால, நான் சொன்னாக் கேப்பாங்க. மெஷினை மாத்தட்டும், சுவத்தை மட்டும் அடைக்க வேண்டாம்னு செயலாளரம்மாவுக்கு எழுதவா? அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும். சரின்னு ஒரு வார்த்தை போதும்.

கால் வலி எப்படி இருக்கு?

பூனை


ஆகஸ்ட் 14

என் பூனைக்குட்டி,

கால் தேவலை. தைலம் தீர்ந்துபோச்சு, இன்னொண்ணு அனுப்பு. நான் கேட்டு வாங்கறேன்னா கோபம் போயிடுச்சுன்னு அர்த்தம். பதில் போடாதது வேலையால இல்லை, கோபத்தாலதான். உன் கடுதாசியை மாவு டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன். அப்புறம் தினமும் மாவு எடுக்கறப்போ எடுத்துப் படிச்சேன்.

முதல்ல உனக்கு ஒண்ணு சொல்லணும். நீ மதியம் கூப்பிட்ட அன்னைக்கு நான் இந்தப் பக்கம்தானே நின்னேன். உங்கம்மா போனை வச்சுட்டு மெஷின் மேல எட்டிக் கத்தினா, "பூனை கூப்பிட்டா, அண்ணி! என்ன சொன்னான்னு புரியலை, ஆனா குரல் தெளிவா இருக்கு. சளி விட்டுடுச்சு போல"ன்னு. அன்னைக்குப் பூரா பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தட்டு எடுத்தா. உன் குரல் அவளுக்குக் கேட்டுச்சுடி. இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நீ அதைப் போய் நெஞ்சுல வச்சுக்கிட்டு இருப்பேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

ஆனையைப் போன வாரம் எடுத்துட்டாங்க. குழாயைக் கழட்டி, சங்கிலி கட்டி இழுத்தாங்க. அசையவே மாட்டேன்னுச்சு. கண்டக்டர் அந்த அடிபட்ட கையோட முன்னாடி நின்னுக்கிட்டு, "வரட்டும், வரட்டும், இடது கட்"னு கத்தறார். வெளிய வந்ததும், கழட்ட வந்த ஃபிட்டர் அந்தப் பக்கத்துல இருந்து எதையோ தூக்கிக்கிட்டு வந்து, "இதை யாரும்மா செஞ்சது? நல்ல மூளை"ன்னான்.

முழங்கை நீளத்துல ஒரு மரக்கட்டை. நுனியில மூடி விளிம்பு பதிஞ்சு பதிஞ்சு, விரல் ஆழத்துக்குப் பள்ளம். மெஷின் காலோட சேர்த்துக் கட்டி, மேஜைக்குக் கீழ யார் கண்ணுக்கும் படாமத் தொங்கவிட்டிருக்கு. மூடி தூக்கினதும் இதை அடியில நட்டுட்டா, இந்தப் பக்கம் யார் தொங்கினாலும் மூடி இறங்காதாம். உள்ள கையை விட்டு வேலையை முடிச்சுட்டு, கட்டையை உருவினாத்தான் இறங்குமாம். கட்டியிருந்தது என்ன தெரியுமா? உன் பள்ளிக்கூடத்துப் பச்சை ரிப்பன். சாயம் போய், ஓரத்துல மட்டும்தான் பச்சை தெரியுது. அப்படின்னா நீ ரெட்டைச் சடை போட்ட காலத்துலேருந்து அது அங்க தொங்குது.

ஆனை முட்டவே இல்லை, பூனை. உங்கம்மாதான் முட்டுக் கொடுத்திருக்கா. நான் இங்க தொங்கித் தொங்கித் திட்டினப்போ, எடுக்காமயே 'எடுத்தாச்சு'ன்னவ அந்தப் பக்கம் நிதானமா கூடையை இழுத்துட்டு, கட்டையை உருவிட்டு, "ஆனைக்கும் அண்ணின்னா பயம்"னு சிரிச்சிருக்கா. ராங்கிப் பய மக!

முதல்ல எனக்குச் சுருக்குனு குத்திச்சு. நான் கேட்டதாலதான் அவ கை தப்பிச்சதுன்னு எவ்வளவு பெருமை எனக்கு! அவ என்னை நம்பவே இல்லை. தன் கையைத் தானே பாத்துக்கிட்டா. ஃபிட்டர் போனதுக்கு அப்புறம் கட்டையை மடியில வச்சுக்கிட்டு, கவுத்த வாளி மேல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கட்டை இருக்கறப்போ நான் கத்தவே தேவையில்லையே. "அண்ணி, சும்மா கத்தாதீங்க, இங்க கட்டை இருக்கு"ன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா முடிஞ்சது. அவ வாய்க்கு அது ஒரு பெரிய விஷயமா? சொல்லலை. சளி பிடிச்சுத் தொண்டை கட்டின நாள்லகூட, ஒவ்வொரு கூடைக்கும் எனக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்கா.

உங்க மாமாகிட்ட கட்டையைக் காட்டினேன். கையில வாங்கி அந்தப் பள்ளத்தை விரலால தடவிப் பாத்தார். "சின்ன வயசுலயும் கதவுக்கு இப்படித்தான் முட்டுக் கொடுப்பா, நான் தள்ளித் தள்ளிப் பாப்பேன்"னார். தங்கச்சியைப் பத்தி அவர் பேசி இப்பத்தான் கேக்கறேன்.

உன் மெஷின் வந்து ஓடுது. நல்லாத்தான் கழுவுது, பொய் சொல்லக் கூடாது. சத்தமே இல்லை. யார் என்ன பேசினாலும் கேக்குது. அதனால நீ மதியத்துலயும் கூப்பிடு, நான் எடுப்பேன். உங்கம்மாகிட்ட என்ன சொல்லக் கூப்பிட்டியோ, இஷ்டம் இருந்தா என்கிட்ட சொல்லு.

சுவத்தை அடைக்க வேண்டாம்னு செயலாளரம்மாவுக்கு எழுதாதே. ஓட்டை இருக்கற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன், எனக்குப் பதிலும் விழுந்துக்கிட்டேதான் இருக்கும். அந்தப் பதிலை நம்பித்தானே ரெண்டு விரல் நசுங்கிச்சு. இன்னைக்குக் காலையில நானே கொத்தனாரைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லிட்டேன்.

கட்டையை ரிப்பனோட பார்சல்ல போட்டிருக்கேன். உன் கதவுக்கு முட்டுக் கொடுக்க வச்சுக்கோ. உடம்பைப் பாத்துக்கோ, கண்ணைக் கசக்காதே, வேளைக்குச் சாப்பிடு. இன்னும் ஒண்ணு மட்டும் எழுதிட்டு முடிச்சுக்கறேன்.

கொத்தனார் கீழே இருந்து கட்டிக்கிட்டே வந்தார். அந்தப் பக்கத்து மேஜை மறைஞ்சுது. அவ துண்டு மாட்டற ஆணி மறைஞ்சுது. கடைசியில ஒரு கல்லு அளவுக்குத்தான் வெளிச்சம். கல்லுல சாந்து பூசி அவர் கையில எடுத்துட்டார். "ஒரு நிமிஷம் இருங்க"ன்னேன். அவர் கல்லைப் பிடிச்சுக்கிட்டே நின்னார், கண்டக்டரும் விசிலை நிறுத்திட்டார். நான் அந்தச் சந்துக்கிட்ட வாயைக் கொண்டுபோய், எப்பவும் கத்தற மாதிரி இல்லாம, மெதுவாத்தான் கேட்டேன்.

அடியே ராங்கி, கை எடுத்தாச்சா?